ஆடியில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களும் ஓர் அறிவியல் புனைகதைக் கூடுகையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறிவியல் புனைகதை வாசகர்களுக்கென்று தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கூடுகை நடத்தினால் என்ன என்று இந்தப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாக நடத்தலாம். ஆனால் அதற்கு வந்த பதில் கடிதங்கள்தான் கவலை தருகின்றன. ஒருவர் அமைச்சரை அழைக்கச் சொல்கிறார். இன்னொருவர் சினிமா இயக்குநர் வந்தால்தான் கூட்டம் சேரும் என்கிறார். மூன்றாமவர் ஏதாவது ஒரு கல்லூரியின் தலையில் கட்டிவிடலாம் என்கிறார். மூன்றையும் செய்தால் இன்னொரு விழா நடக்கும், அவ்வளவுதான். (மாநாடு என்றால் கட்சிக் கொடி கண்ணில் வருவதால் கூடுகை என்றே எழுதுகிறோம்.)

வாசகர்களே நடத்தும் கூடுகையில் பார்வையாளர் என்று யாரும் கிடையாது. எல்லோரும் உறுப்பினர்கள். 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இப்படிக் கூடிய அறிவியல் புனைகதை வாசகர்களை எண்ணக் கைவிரலும் கால்விரலும் போதும். ஆர்தர் சி. கிளார்க் அதில் ஒருவர். அப்போது அவர் பெயர்பெற்ற எழுத்தாளர் அல்ல, வெறும் வாசகர். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதைக் கூடுகைக்கு வந்தவர்கள் சுமார் 200 பேர். இன்று அது ஆண்டுக்கு ஒரு நகரம் என்று ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்கிறது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. மேடையில் பேசுகிறவர், வாசலில் பேட்ஜ் கொடுக்கிறவர் என்று ஏறக்குறைய எல்லோரும் உறுப்பினர் கட்டணம் கட்டுகிறார்கள். பணம் மிஞ்சினால் பிறகு திருப்பித் தருவார்கள். அறிவியல் புனைகதைக்கென்று 1953-ல் தொடங்கிய ஹ்யூகோ விருதுக்கு வாக்களிப்பதும் அந்த உறுப்பினர்களே. நகரங்களில் காமிக்ஸ், சினிமா ரசிகர்களுக்காகக் கம்பெனிகள் நடத்தும் காமிக் கான் வேறு வகை. அங்கே நீங்கள் டிக்கெட் வாங்கிய வாடிக்கையாளர்.

இதை ஒத்துக்கொண்டால் நம் ஊர் விழா வழக்கத்தில் பாதி தானாகக் கழன்றுவிடும். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நான்கு வாழ்த்துரை, ஆளுக்கொரு பொன்னாடை, புகைப்படம் என்று போனால் 10 மணி நிகழ்ச்சி 11.20-க்குத்தான் விஷயத்துக்கு வரும். அதற்குள் வெளியூர்க்காரர்கள் வாசலில் டீக்கடையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஏற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தொடக்கம் மொத்தமே 10 நிமிடம். கழிப்பறை எங்கே, சாப்பாடு எத்தனை மணிக்கு, புகார் என்றால் யாரிடம் போவது, இந்த மூன்றையும் சொல்லிவிட்டு முதல் அமர்வுக்குப் போய்விட வேண்டும்.

தேதிக்கு வருவோம். டெல்டாவில் ஒரு நல்ல மண்டபத்தைச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிடிப்பது முகூர்த்த மாதங்களில் நடக்காத காரியம். கிடைத்தாலும் வாடகை கல்யாண வாடகை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்ததை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தையில் சம்பா அறுவடை, திருவையாறு ஆராதனை. சித்திரையில் வெயில். மிஞ்சுவது கல்யாணம் இல்லாத ஆடியும் மார்கழியும். மார்கழி முற்பகுதியை மழையும் அரையாண்டுத் தேர்வும் தின்றுவிடும். ஆகவே ஆடி.

ஆடியிலும் ஆகஸ்ட் மாதத்து இரண்டாவது சனி, அதற்கடுத்த ஞாயிறு. இரண்டாவது சனி எந்த ஆண்டிலும் 8-ம் தேதிக்கும் 14-ம் தேதிக்கும் இடையில்தான் விழும். பதினெட்டாம் பெருக்கு முடிந்திருக்கும், ஆவணி பிறந்திருக்காது. பள்ளி ஆசிரியர்களுக்கும் வங்கிக்காரர்களுக்கும் விடுமுறை. இந்த வகைக் கூட்டங்களில் பாதி பேர் அவர்கள்தான். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-ல் தொடங்குவதால் ரயிலில் இடமும் கிடைக்கும். ஆடி அமாவாசை அந்த வாரத்தில் வருகிறதா என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டும். கூடவே, மண்டபத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள் மாரியம்மன் கோவில் இருக்கிறதா, பால்குடமும் கஞ்சி வார்ப்பும் எந்த ஞாயிறு என்று கோவிலில் நேரிலேயே கேட்டுவிட வேண்டும். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரை எதிர்த்துக் கருந்துளை பற்றிப் பேச முடியாது. அது அவர்கள் மாதம். நாம்தான் ஒதுங்க வேண்டும்.

ஊர் எது என்பதில் கும்பகோணத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ராமானுஜன் படித்த ஊர், டிகிரி காபி, எல்லாம் உண்மை. ஆனால் சனி, ஞாயிறு நவக்கிரக யாத்திரைக் கூட்டத்தில் அங்கே லாட்ஜ்கள் நிறைந்துவிடும். தஞ்சாவூர் சந்திப்புக்குத் திருவாரூர், நாகை பக்கமிருந்தும் ரயில் உண்டு, திருச்சியிலிருந்தும் உண்டு. சென்னையிலிருந்து இரவில் உழவன் எக்ஸ்பிரஸ் வருகிறது. முதல் தடவைக்குத் தஞ்சாவூரே நல்லது. அழைப்பில் பழைய பஸ் நிலையமா புதிய பஸ் நிலையமா என்று கொட்டை எழுத்தில் போடாவிட்டால், வெளியூர்க்காரர் தப்பான இடத்தில் இறங்கி ஆட்டோவுக்கு அழுவார்.

மண்டபத்தைப் பார்க்கப் போகிறவர் கல்யாணம் பார்க்கும் கண்ணோடு போகக் கூடாது. 150 பேருக்கு 600 நாற்காலி மண்டபம் வேண்டாம்; வெறிச்சென்று இருக்கும். 200 பேர் கொள்ளும் கீழ்க்கூடமும் மாடியில் 50 பேருக்கு மினி ஹாலும் உள்ள இடம் போதும். ஒரே நேரத்தில் இரண்டு அரங்குக்கு மேல் ஓட்ட வேண்டாம். மூன்றாவதைத் திறந்தால் அதில் பேச நான்கு பேரும் கேட்க மூன்று பேரும் இருப்பார்கள். மணமகன் அறை அலுவலகத்துக்கு. கணக்கு, மருந்துப் பெட்டி, சாவிக்கொத்து எல்லாம் அங்கே. மணமகள் அறை பெண்கள் ஓய்வெடுக்கவும், கதை மாந்தர் போல வேடம் கட்டி வந்தால் அதை மாற்றிக்கொள்ளவும். அதற்கு உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று போட்டுப் பாருங்கள். பந்திக் கூடத்தில் அமர்வு வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். முடியாது. 10 மணிக்கே அங்கே பாத்திரச் சத்தம் ஆரம்பித்துவிடும், 3 மணி வரை மேஜை கழுவுவார்கள்.

இனி ஒலி. பெரும்பாலான கூட்டங்கள் கெட்டுப்போவது இங்கேதான். கல்யாண மண்டபம் மேளத்துக்காகக் கட்டியது. டைல்ஸ் தரை, வெறும் சுவர், உயரமான கூரை. பேசிய சொல் சுவரில் மோதித் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. ஐந்தாவது வரிசைக்கு அப்பால் ‘வலி’யா ‘வழி’யா என்று தெரியாது. மைக்செட்காரர் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை மேடையோரம் வைத்து ஒலியைக் கூட்டுவார். எதிரொலியும் சேர்ந்தே கூடும். செய்ய வேண்டியது நேர்மாறு. சின்னப் பெட்டிகளாக ஆறு கேட்டு வாங்கி, கூடத்தின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் வரிசையாக, ஆட்கள் காதுக்குக் கொஞ்சம் மேலே வைத்து, ஒலியைக் குறைத்து ஓட்ட வேண்டும். நடைபாதையிலும் மேடைக்கு முன்னாலும் ஜமக்காளம் விரியுங்கள். பின்சுவரில் இரண்டு ஜமக்காளங்களைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பேச்சு புரியும். நாற்காலிகளை மேடையை ஒட்டி வளைவாகப் போட்டு, மிச்சக் கூடத்தைச் சாமியானாத் துணியால் மறைத்துவிட்டால் இன்னும் நல்லது.

மேடைக்கு நான்கு கம்பியில்லா மைக், கூட்டத்துக்குள் சுற்ற ஒன்று, இதெல்லாம் மக்கர் செய்தால் கைகொடுக்கக் கம்பி மைக் ஒன்று. பேட்டரியை விளக்கு சிவப்பாகும் வரை விட்டுவைக்காமல் சாப்பாட்டு இடைவேளையில் மாற்றிவிட வேண்டும். பேச்சாளர் மைக்கோடு பெட்டிக்கு முன்னால் நடந்தால் கீச்சென்று கத்தும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

புரொஜெக்டரின் வெளிச்ச அளவு 3,000 லூமென் என்றால் பகலில் வெளிறிப்போகும். 5,000 கேளுங்கள், மேல் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடியுங்கள். லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் இணைக்கும் ஹெச்டிஎம்ஐ சாதா கேபிள் 15 மீட்டர் போனால் படம் விட்டு விட்டு வரும், அல்லது வரவே வராது. லேப்டாப்பை மேடையில் வைக்காமல் புரொஜெக்டர் பக்கத்திலேயே வைத்து, பக்கம் தள்ளச் சின்ன ரிமோட்டைப் பேச்சாளர் கையில் கொடுங்கள்.

தமிழ்க் கூட்டங்களுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு: எழுத்துரு. பேச்சாளர் வீட்டில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொண்டுவந்த பக்கங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். யூனிகோடில் இருந்தாலும் வரிகள் இடம் மாறிக் குலையும். ஒரே வழி, எல்லாரும் பிடிஎஃப் ஆக மாற்றி மூன்று நாளைக்கு முன்பே அனுப்புவது. பென் டிரைவைக் காலையில் வந்து நீட்டுகிறவரை அன்போடு மறுத்துவிடலாம்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். மண்டபத்து ஜெனரேட்டர் 25 கேவிஏ என்றால் மணிக்கு 3 முதல் 5 லிட்டர் டீசல் குடிக்கும். டீசல் யார் கணக்கு என்று வாடகைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடியில் புரொஜெக்டர் அணைந்தால் மறுபடி தயாராகச் சில நிமிடம் ஆகும். ஒரு சின்ன யூபிஎஸ் அதைத் தாங்கும்.

நிகழ்ச்சி நிரல். அமர்வு 50 நிமிடம், இடைவெளி 10 நிமிடம். அந்தப் பத்தில்தான் உண்மையான பேச்சு நடக்கிறது, அதில் கை வைக்கக் கூடாது. கலந்துரையாடலுக்கு நெறியாளரோடு நான்கு பேர். ஐந்து பேரானால் ஆளுக்குப் பத்து நிமிடச் சொற்பொழிவாகிவிடும். நெறியாளர் இரண்டு வாரம் முன்பே மற்ற மூவரையும் போனில் கூட்டிப் பேச வேண்டும். யாருக்கு எதில் கருத்து வேறுபாடு என்று தெரியாமல் மேடையேறினால் நால்வரும் ஒன்றையே நான்கு விதமாகச் சொல்வார்கள். கேள்வி நேரத்தில் மைக்கைக் கூட்டத்தில் விட்டால் ‘எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து’ என்று ஒருவர் எழுந்து தன் தொகுப்பிலிருந்து வாசிக்க ஆரம்பிப்பார். கேள்வியைச் சீட்டில் எழுதி வாங்கி நெறியாளர் படிப்பதே பாதுகாப்பு.

தலைப்புக்கா பஞ்சம்? கடல் மட்டம் ஏறி நாகை, வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பாகிற கதையை வெளிநாட்டு நாவலில் தேட வேண்டியதில்லை. 2100-ல் கடைமடைக்கு யார் முறை வைத்துத் தண்ணீர் விடுவார், மனிதரா கணினியா என்று ஒரு மணி நேரம் விவாதிக்கலாம். மேட்டூர் அணை திறப்பு ஜூன் 12 என்பதை நம்பி நாற்றுவிட்டவர் ஒருவரையும் அந்த மேடையில் உட்கார வைத்தால் விவாதம் தரையில் நிற்கும். கடல் கொண்ட காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றியும் ஒன்று. ஆனால் அதில் ஆய்வு எது, புனைவு எது என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஆள் இல்லாவிட்டால் வைக்க வேண்டாம்.

சினிமா திரையிடுவதில் கவனம். ஓடிடி கணக்கோ பென் டிரைவோ வீட்டில் பார்க்கத்தான். மண்டபத்தில் போட உரிமையாளர் அனுமதி வேண்டும். குறும்படம் எடுத்தவரையே அழைத்து, அவர் படத்தைப் போட்டு, அவரையே பேச வையுங்கள்.

பணம். ஆளுக்கு 500 ரூபாய் என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும் தொகை. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊருக்கு ஊர் மாறும். மண்டபம் இரண்டு நாளுக்கு 35,000, ஒலியும் புரொஜெக்டரும் 15,000, அச்சு 10,000, விருந்தினர் இருவரின் பயணமும் தங்கலும் 12,000, டீசலும் துப்புரவும் 8,000, எதிர்பாராதது 8,000. ஆக 88,000. புத்தகக் கடைக்காரர்களுக்கு மேஜை 1,500 வீதம் எட்டு போனால் 12,000 வரும். மீதி 76,000. இது 50 பேர் வந்தாலும் 250 பேர் வந்தாலும் மாறாத செலவு. ஆள் வர வர ஏறுவது சாப்பாடு, காபி, பேட்ஜ். இரண்டு நாளுக்குத் தலைக்கு 400. இப்போது 500 ரூபாய் வாங்கினால் ஆளுக்கு 100தான் மிஞ்சும், கையைக் கடிக்காமல் முடிக்க 760 பேர் வேண்டும்! 900 வாங்கினால் 152 பேர் போதும். மாணவருக்குப் பாதிக் கட்டணம் 450 என்று வைப்பது நியாயம்தான். ஆனால் அதில் 400 இலைக்கே போய், 50தான் நிற்கும். 50 மாணவர் வந்தால் முழுக் கட்டண உறுப்பினர் 147 பேர் அப்போதும் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் சலுகை அறிவிக்கிறவர்கள்தான் கடைசி வாரத்தில் நகைக்கடை, மனைப்பிரிவு என்று ஸ்பான்சர் தேடி ஓடுகிறார்கள். ஸ்பான்சர் பத்து நிமிடம் மைக் கேட்பார். கொடுத்தால் இருபதாகும்.

பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும், சொந்த க்யூஆரிலும் வாங்கக் கூடாது. நோக்கம் சுத்தமாக இருந்தாலும் ஆறு மாதத்தில் பேச்சு கிளம்பும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். அதன் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. கூடுகை முடிந்து 60 நாளுக்குள் வரவு செலவை எல்லா உறுப்பினருக்கும் அனுப்பிவிடுங்கள். விருது கொடுத்தால் வாக்கு எண்ணிக்கையையும் சேர்த்து. 2023-ல் சீனாவின் செங்டு நகரில் நடந்த உலகக் கூடுகையில் சில படைப்புகள் காரணம் சொல்லாமல் ஹ்யூகோவுக்குத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டது அடுத்த ஜனவரியில் புள்ளிவிவரம் வெளியான பிறகே தெரிந்து, பெரிய வருத்தமாகிவிட்டது. 70 ஆண்டு பழைய விருதுக்கே அந்த நிலை.

சாப்பாட்டில் கல்யாண விருந்து போடும் ஆசையை அடக்குங்கள். வடை, பாயசத்தோடு சாப்பிட்டவர் 2 மணி அமர்வில் கண் திறக்க மாட்டார். கலந்த சாதம் இரண்டு வகை, கூட்டு, தயிர் சாதம் போதும். 75 பேர் உட்காரும் பந்தி என்றால் 150 பேருக்கு இரண்டு பந்தி. பந்திக்கு 35 நிமிடம் வைத்தாலும் இடைவேளை ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். சமையல்காரரிடம் பேசுவது இலைக் கணக்கு. குறைந்தபட்ச இலை எத்தனை என்று இரண்டு நாள் முன்பு சொல்லியாக வேண்டும், வராதவருக்கும் காசு உண்டு. காபி, லிட்டர் பாலுக்கு 12 டம்ளர் என்று போட்டால் 150 பேருக்கு இரு வேளைக்கு 25 லிட்டர். சாப்பாட்டுக்குப் பின் முதல் அமர்வில் வினாடி வினா வையுங்கள்.

பதிவு மேஜையில் இரண்டு வரிசை: முன்பதிவு செய்தவர் ஒன்று, அன்று வந்து கட்டுகிறவர் ஒன்று. முதலாமவருக்கு அரை நிமிடம் போதும், இரண்டாமவருக்கு மூன்று நிமிடம் ஆகும். இருவரையும் ஒரே வரிசையில் விட்டால் வாசல் அடைத்துக்கொள்ளும். பேட்ஜ்களை அகரவரிசையில் அடுக்கும்போது கணினி அடுக்குவதை அப்படியே நம்ப வேண்டாம். யூனிகோடில் ‘ன’ எழுத்து ‘ந’வுக்கு அடுத்து நிற்கும், ‘ஜ’ எழுத்து ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில் வரும். பட்டியலைக் கண்ணால் தேடுகிறவர் நாம் பள்ளியில் படித்த வரிசையில் தேடுவார். அதைவிடப் பெரிய குழப்பம் தலைப்பெழுத்து. ஒரே ஆள் ‘சி. கார்த்திக்’, ‘எஸ். கார்த்திக்’ என்று இரண்டு விதமாக எழுதியிருப்பார். பெயரை முன்னால், தலைப்பெழுத்தைப் பின்னால் போட்டு அடுக்கினால் தீர்ந்தது. பேட்ஜில் பெயர் இரண்டு பக்கமும் அச்சாகியிருக்க வேண்டும், கயிற்றில் தொங்குவது எப்போதும் பின்பக்கம்தான் திரும்பும்.

வேடம் கட்டி வருகிறவர்களுக்கு: ஃபோம் ஷீட்டும் ஒட்டுப்பசையும் ஆகஸ்ட் வெயிலில் பஸ் கூரைக்கு அடியில் இளகிவிடும். இரண்டு பக்கமும் பசை தடவி, பத்து நிமிடம் காயவிட்டு அழுத்தி ஒட்டியது ஓரளவு தாங்கும். ஒட்டுப்பசை டியூப் ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். துப்பாக்கி மாதிரியான பொம்மைகளைப் பஸ் நிலையத்தில் கையில் பிடித்து நடக்க வேண்டாம், பையில் வையுங்கள். காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிடுவதும் நல்லது. நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது: வேடம் போட்டவரைத் தொடுவதற்கும் படமெடுப்பதற்கும் கேட்டே ஆக வேண்டும் என்ற விதியை உறுப்பினர் படிவத்திலேயே அச்சிடுவது, படம் வேண்டாதவருக்குப் பேட்ஜில் சிவப்பு நாடா தருவது, புகார் வாங்க இருவரை நியமிப்பது. அதில் ஒருவராவது பெண். புகார் வந்தால் என்ன நடவடிக்கை என்பதை முன்பே எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் கூடி யோசித்தால் தெரிந்தவர் பக்கம்தான் தீர்ப்பு சாயும். மாலை 5.30-க்கு முடிப்பதும் இதில் சேரும். ஒரத்தநாடு, நீடாமங்கலம் பக்கமிருந்து வரும் கல்லூரிப் பெண்கள் இருட்டுமுன் பஸ் ஏற வேண்டும்.

வருகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எல்லா அமர்வுக்கும் போக முயல வேண்டாம். நாளுக்கு மூன்றைக் குறித்துக்கொண்டு மிச்ச நேரம் நடைபாதையில் நில்லுங்கள். கையெழுத்து வாங்க மூன்று புத்தகத்துக்கு மேல் நீட்டாதீர்கள், பின்னால் வரிசை நிற்கிறது. வெளிநாட்டுக் கூடுகைகளில் 5-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள்: நாளுக்கு 5 மணி நேரத் தூக்கம், 2 வேளை சாப்பாடு, 1 குளியல். காவிரிக்கரையில் மூன்றாவதைச் சொல்லத் தேவையிருக்காது.

நினைவுப்பரிசாகக் கண்ணாடிக் கேடயம் வேண்டாம். தஞ்சை நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குளத்தில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைச் சீவி வெள்ளை வெளேரென்று பெரிய கோவிலைச் செய்கிறவர்களால் ஒரு விண்கலம் செய்ய முடியாதா? படம் வரைந்து இரண்டு மாதம் முன்பே கொடுக்க வேண்டும். தூசியும் ஈரமும் படாமல் கண்ணாடிப் பெட்டியோடு கேட்டு வாங்க வேண்டும். ரயிலில் கொண்டுபோகிறவர் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆடிக்கு நடத்துவதென்றால் மண்டபத்துக்கு முன்பணம் தை பிறந்ததும் கட்டிவிடுவது நல்லது. ஆடியில் யார் கேட்கப் போகிறார்கள் என்று மேனேஜர் வாடகையைக் குறைத்துப் பேசும் மாதம் தைதான்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.